எல்லைத் தமிழரின் பேச்சு எங்கே தங்கும்?

பாலக்காட்டிலிருந்து சித்தூர் வழியாகப் பொள்ளாச்சி செல்லும் சாலையில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. அதைச் சுற்றியுள்ள வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை பஞ்சாயத்துகளில் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டோம். கோவையில் அச்சாகும் தமிழ் நாளிதழுக்கு எங்கள் ஊர் வெளிமாநிலம். மலையாள நாளிதழுக்கோ மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தரைத் தடுப்பணைக்கு எப்போது வரும், தமிழ்வழி வகுப்புக்குப் பாடநூல் வந்ததா, தமிழாசிரியர் இடம் நிரப்பப்பட்டதா என்பதையெல்லாம் இன்று எங்களுக்குச் சொல்பவை வாட்ஸ்அப் குழுக்களும் பேஸ்புக் பக்கங்களுமே. மற்ற ஊர்களில் அவை பொழுதுபோக்காக இருக்கலாம். இங்கே அவை செய்தித்தாளின் வேலையைச் செய்கின்றன.

அந்த வேலையை அவை பாதிதான் செய்கின்றன. தண்ணீரையே பாருங்கள்: தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் என்பது அதிலுள்ள கணக்கு. எந்த மாதம் எவ்வளவு வந்தது, எப்போது குறைந்தது, எந்தக் கால்வாயின் கடைமடை காய்ந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் உழவர்கள் படம்பிடித்துப் போடுகிறார்கள், வாதிடுகிறார்கள், கணக்குக் காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே வாதம் முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்று ஆண்டுக்கு முன் ஒருவர் போட்ட மதகின் படம் எங்கோ புதைந்து கிடக்கிறது. கைபேசி மாற்றியவருக்கு அதுவும் இல்லை.

இந்நிலையில் உலகின் பல பகுதிகளில் எழுந்துள்ள கேள்வி எங்களுக்கும் உரியதாகிறது. பெரு நிறுவனங்களின் சமூக ஊடகங்களை விட்டு, பயனர்களே நடத்தும், ஒன்றோடொன்று இணைந்த சிறு மன்றங்களுக்குப் பேச்சை நகர்த்த முடியுமா? நகர்த்தினால் நன்மையா?

தமிழர் இணையத்தில் குடிபெயர்வது புதிதல்ல. 1990களில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று சிதறியிருந்தவர்கள் சந்தித்தார்கள். அங்கே நடந்த பேச்சின் தொடர்ச்சியாகத்தான் 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம், தமிழ் நூல்களை மின்னாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு யாஹூ குழுக்களின் காலம் வந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற குழுக்களில் எழுதிப் பழகி, பின்னால் அச்சிலும் பெயர் பெற்றவர்கள் உண்டு. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான வலைப்பதிவுகள் ஒரே முகப்பில் திரண்டன, விவாதங்கள் பதிவிலிருந்து பதிவுக்குத் தாவின. அதன் பிறகு ஆர்குட், கூகுள் பிளஸ், பேஸ்புக்.

இவற்றுள் பலவற்றின் முடிவும் ஒரே மாதிரிதான். ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குழுக்களின் பழைய மடல்களை அழிக்கப்போவதாக நிறுவனம் 2019 அக்டோபரில் அறிவித்தது. சில மாதங்கள்தான் தவணை. 2020 டிசம்பரில் குழுக்களே இல்லாமல் போயின. யாராவது முன்யோசனையோடு நகலெடுத்து வைத்திருந்தாலொழிய அந்த மடல்கள் திரும்பி வரா. ட்விட்டருக்கு இந்திய மாற்று என்று 2020இல் வந்த கூ, தமிழிலும் எழுத இடம் தந்தது. 2024 ஜூலையில் அதுவும் கடையைக் கட்டியது. உள்நாட்டு நிறுவனம் என்பதால் மட்டும் நம் எழுத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்குக் கூவே சான்று. நிறுவனத்துக்கு முதலீடு தீர்ந்தால் நம் உரையாடலுக்கும் ஆயுள் தீர்கிறது.

தமிழ்மணத்தின் கதை சற்று வேறு. பதிவுகள் அவரவர் முகவரியில் இருந்தன, திரட்டி மட்டுமே பொது. அமைப்பு முறையில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவர்களில் பெரும்பாலோர் கூகுளின் பிளாக்கரில் எழுதினார்கள். வாசகர்கள் பேஸ்புக்குக்குப் போனதும் பின்னூட்டங்களும் அங்கே போயின. பின்னூட்டம் வறண்டதும் எழுத்தும் வறண்டது. அன்று நமக்கு இல்லாதிருந்தது, ஒருவர் இடத்தில் இருந்தபடியே இன்னொருவர் இடத்துப் பேச்சில் கலந்துகொள்ளும் வழி.

அந்த வழியைத்தான் கூட்டமைப்பு வலை என்கிறார்கள். எங்கள் வட்டாரத்துக்கு இதை விளக்கப் பால் சங்கம் போதும். சித்தூர்ப் பகுதியில் ஊருக்கு ஊர் பால் சங்கம் உண்டு. சங்கம் அந்த ஊர்க் கறவைக்காரர்களுக்குச் சொந்தம். தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களே. சங்கங்கள் சேர்ந்து மலபார் வட்டார ஒன்றியம், ஒன்றியங்கள் சேர்ந்து மில்மா. தரத்துக்கும் அளவைக்கும் எல்லோருக்கும் ஒரே விதி, உரிமை மட்டும் கீழே. கூட்டமைப்பு வலையிலும் ஒவ்வொரு குழுவும் தன் சர்வரைத் தானே வைத்துக்கொள்ளும். யாரைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதைத் தானே முடிவு செய்யும். பொது விதிகளின் மூலம் மற்ற சர்வர்களோடு செய்தி பரிமாறும். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே தலைமைச் சங்கம் என்று ஒன்று கிடையாது. மின்னஞ்சல் நெடுங்காலமாக இப்படித்தான் இயங்குகிறது. ஜிமெயிலில் இருப்பவர் அரசு அலுவலக முகவரிக்கு மடல் அனுப்ப, அங்கே கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

இந்தப் பொது விதிகளில் பரவலானது ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பரிந்துரைத் தரமாக ஏற்றது. ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடான் ட்விட்டர் போன்றது. 2019இல் தொடங்கிய லெம்மி ரெடிட் போன்ற விவாத மன்றம்: தலைப்பு வாரியாகக் குழுக்கள், ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கிளை கிளையாக மறுமொழிகள். தண்ணீர்க் கணக்கு, பள்ளிக்கூடம் போன்ற தொடர் விவாதங்களுக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகைதான் என்பது என் கருத்து. மாஸ்டடானில் சொல் ஓடிப்போய்விடும், மன்றத்தில் தலைப்பின் கீழ் தங்கும்.

இந்தியாவில் இந்த நகர்வு முதலில் பலர் கண்ணில் பட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடானுக்குப் போனார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே, கேரளத்தவர் பலரும் பங்கேற்ற இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகம் ‘பாடரி’ என்ற பெயரில், டயஸ்போரா என்ற கூட்டமைப்புச் சமூக வலையின் சர்வரை நன்கொடையில் நடத்தி வந்தது. பிறகு மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி உரையாடல் சேவைகளையும் சேர்த்தது. டெபியன் இயங்குதள உருவாக்குநர் பிரவீண் அரிம்பிரத்தொடியில் அதில் முன்னின்றவர். இந்த வட்டத்திலிருந்து பிறந்த ‘பிரவ்’ என்ற உரையாடல் செயலி, கூட்டுறவுச் சங்கமாகவே தன்னை அமைத்துக்கொள்ள முயல்கிறது. தமிழ்நாட்டில் கணியம் அறக்கட்டளையும் விழுப்புரம், காஞ்சிபுரம் லினக்ஸ் குழுக்களும் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கொண்டுசேர்க்கின்றன. ஆக, நுட்பம் தெரிந்தவர்கள் எங்களுக்கு இரு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். இதை நான் பெரிய வாய்ப்பாகக் காண்கிறேன்.

பேரலை 2022இல் வந்தது. அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபின், மாஸ்டடானின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது என்று ரோச்கோ எழுதினார். பிந்தைய ஆண்டுகளில் அது வெகுவாக இறங்கியது. 2023 ஜூனில் ரெடிட் தன் தரவை வெளிச் செயலிகள் பயன்படுத்தப் பெரும் கட்டணம் விதித்தபோது, ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்து எதிர்ப்புக் காட்டின. பலர் லெம்மிக்கும், அதைப் போன்ற கேபின் என்ற மன்றத்துக்கும் நகர்ந்தார்கள்.

அவர்கள் பட்ட பாட்டை மறைத்துவிட்டு இந்த வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. கேபின் பெரும்பாலும் ஒரே ஒருவர் தோளில் இருந்தது, அவரால் முடியாதபோது அவருடைய சர்வரும் 2024இல் ஓய்ந்தது. இலவசமாகக் கிடைக்கிறதென்று மாலி நாட்டின் .எம்எல் முகவரிகளை எடுத்திருந்த மன்றங்களில் சில, 2023 ஜூலையில் அந்நாட்டு அரசு அவற்றைத் திரும்பப் பெற்றபோது ஒரே நாளில் முகவரி இழந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், லெம்மியின் பெரிய சர்வர் ஒன்றில் சிறார் மீதான பாலியல் வன்முறைப் படங்களைச் சிலர் வேண்டுமென்றே கொட்டினார்கள். ஊதியமின்றி உழைத்த நிர்வாகிகள் அதைக் கண்ணால் பார்த்து அகற்ற வேண்டியதாயிற்று. பெரு நிறுவனம் இந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கிறது. ஊர் மன்றத்தில் அது யார் தலையில் விழும் என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

சட்டமும் உண்டு. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 இலட்சம் பயனர்களுக்கு மேற்பட்ட தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் விதிக்கின்றன. ஆனால் குறைதீர் அலுவலரை அமர்த்துவதும் அரசாணைக்கு இணங்க நீக்குவதும் சிறு தளங்களுக்கும் பொருந்தும். இவ்விதிகளை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் சென்றவர்களில் பிரவீணும் ஒருவர். 2023 மே மாதம் ஒன்றிய அரசு 14 உரையாடல் செயலிகளைத் தடை செய்தபோது, மேட்ரிக்ஸ் வலையின் எலிமென்ட்டும் அப்பட்டியலில் இருந்தது. அறை எடுத்துப் பேசுவது போல் யாரும் கவனியாமல் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு இதில் இறங்கக் கூடாது. மாஸ்டடானில் தனி மடல்கள் முழுக் குறியாக்கம் பெற்றவை அல்ல, சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்கலாம். நாம் அழித்த பதிவின் நகல் வேறொரு சர்வரில் தங்கிவிடவும் கூடும். சர்வர் மாறும்போது பின்தொடர்வோரை அழைத்துச் செல்லலாம், பழைய பதிவுகள் கூட வருவதில்லை.

இவையெல்லாம் நுட்பத்தின் குறைகள், காலப்போக்கில் திருந்தலாம். எனக்கு உறக்கம் கெடுக்கும் கேள்வி வேறு. சமூகம் நடத்தும் மன்றம் என்கிறோமே, எந்தச் சமூகம்?

எங்கள் வட்டாரத்து ஊர்களில் சாதி இன்னும் தெருவைப் பிரிக்கிறது. முதலமடை பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள், குடிநீரிலும் தேநீர்க் கடையிலும் தங்களுக்கு நேரும் பாகுபாட்டை 2017இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். கேரளமே அதைக் கேட்டு அதிர்ந்தது. ஊருக்குள் அது பல காலமாகத் தெரிந்த சங்கதிதான். வெளியிலிருந்து ஆட்கள் வந்து கேட்ட பிறகே அது செய்தியானது. இப்படிப்பட்ட ஊரில் ‘ஊர் மன்றம்’ என்று ஒரு சர்வரை நிறுவி, அதன் சாவியை ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காலனி இளைஞரின் பதிவை முதலில் நீக்கச் சொல்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். இன்று பேஸ்புக்கில் அவர் எழுதினால், பக்கத்துத் தெருக்காரருக்கு அதை அழிக்கும் அதிகாரம் இல்லை. தொலைதூர நிறுவனத்தின் அலட்சியம் சிலருக்கு அரணாகவும் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் ‘நம் பேச்சு நம் கையில்’ என்று முழங்குவது நேர்மையாகாது.

பெண்களுக்கும் இதே நிலைதான். 2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் சாலையில் அமர்ந்து 20 விழுக்காடு போனசை மீட்டார்கள். அவர்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன அமைப்புகள் ஆண்களால் நடத்தப்பட்டவை. தோட்டத்துக்கு ஒரே மன்றம், அதுவும் சங்க அலுவலகத்தின் மன்றம் என்றிருந்தால் அந்தப் பெண்களின் பேச்சு அதில் எழுந்திருக்குமா?

ஆகவே, சமூகமே நடத்துவது என்பது மட்டும் போதாது. கூட்டமைப்பு என்ற இரண்டாம் பாதியின் பெறுமதி எனக்குப் புரிவது இங்கேதான். காலனி இளைஞர்கள் தங்களுக்கென்று தனி சர்வர் வைத்துக்கொள்ளலாம், அல்லது கோவையிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள நம்பகமான சர்வரில் கணக்கு வைக்கலாம். அங்கிருந்தே சித்தூர்த் தண்ணீர் விவாதத்தில் கலந்துகொள்ளலாம். ஊர் மன்றம் அவர்களைத் தன் விவாதத்திலிருந்து விலக்கலாமே தவிர, அவர்கள் கணக்கை அழிக்கவோ வேறிடத்தில் எழுதுவதைத் தடுக்கவோ முடியாது. அப்படி விலக்கியது மற்ற சர்வர்களில் உள்ளோர் கண்ணுக்குத் தெரியவும் வாய்ப்புண்டு. எங்கள் சூழலில், பூட்டிய தனி மன்றத்தைவிடக் கூட்டமைப்பு மன்றம் மேலானது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். ஒரே ஊரில் இரண்டு மூன்று சர்வர்கள் தோன்றினால் அதைப் பிளவு என்று வருந்தத் தேவையில்லை.

இந்த உரிமைக்கு மறுபுறமும் உண்டு. வெறுப்பைப் பரப்புவோரும் தனி சர்வர் வைக்கலாம். 2019இல் அமெரிக்கத் தீவிர வலதுசாரித் தளமான கேப், மாஸ்டடான் மென்பொருளுக்கே மாறிக்கொண்டது. பெரும்பாலான சர்வர்கள் அதோடு உறவை வெட்டிக்கொண்டன. கேப் அழியவில்லை, ஆனால் மற்றவர்கள் வாசலுக்கு அதனால் வர முடியவில்லை. எங்கள் மன்றங்களும் யாரோடு உறவு வேண்டாம் என்பதை எழுத்தில் வைத்து, காரணத்தோடு முடிவெடுக்கப் பழக வேண்டும்.

யார் நடத்துவது? தமிழில் நீண்ட நாள் நிலைத்த பொது முயற்சிகளைப் பார்த்தால் விடை தெரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் நூல்களை மின்னாக்கம் செய்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன. 2005இல் எழுந்த ‘நூலகம்’ என்ற இணையக் களஞ்சியம், ஈழத்து ஆவணங்களை ஓர் அறக்கட்டளையாக நின்று காக்கிறது. இவற்றில் எதுவும் ஒரு நிறுவனரின் ஊக்கத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. பொறுப்பைக் கைமாற்றும் ஏற்பாடு இவற்றுக்கு இருந்தது. கேபினுக்கு அது இல்லை.

கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் அந்த ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அது வாயனசாலை எனப்படும் ஊர் நூலகம். 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் கேரளம் முழுவதும் வேர்விட்டு, 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நூலக கவுன்சில் ஆயிற்று. ஒவ்வொரு வாயனசாலைக்கும் உறுப்பினர் பட்டியல், பொதுக்குழு, தேர்தல், கணக்குத் தணிக்கை உண்டு. தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று மேலே கவுன்சில்கள் உண்டு. இருபது வயது இளைஞர் இன்று அட்மினாக இருந்து நாளை துபாய்க்கோ பெங்களூருக்கோ போனாலும், முகவரியும் கடவுச்சொல்லும் நூலகத்தின் பெயரில் இருக்கும். சிறிய வாடகை சர்வருக்கு மாதம் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை ஆகும். சில வாயனசாலைகள் சேர்ந்தால் தாங்கக்கூடிய செலவு. பேரிடரில் கேரளத் தன்னார்வலர்கள் என்ன கட்டுவார்கள் என்பதை 2018 வெள்ளத்தில் கேரளாரெஸ்க்யூ தளம் காட்டியது. அமைதிக் காலத்தில் அதே திறமையைக் கேட்டு வாங்குவது எங்கள் பொறுப்பு.

எதை நகர்த்துவது என்பதிலும் தெளிவு வேண்டும். திருமண அழைப்பும் காலை வணக்கமும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். எல்லோரையும் ஒரே நாளில் கிளப்ப முயன்ற நகர்வுகள் 2019இலும் 2022இலும் வந்த வேகத்தில் வற்றின. திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டிய பேச்சுகளை மட்டும் முதலில் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம்: தண்ணீர் வரத்து, பள்ளி, மனுக்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதித் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி யார் எழுதினார்கள், எந்த அலுவலகம் எந்த மொழியில் பதில் தந்தது என்பதை ஒரே தலைப்பின் கீழ் ஐந்து ஆண்டு சேர்த்துவைத்தால் அது வழக்குக்கு உதவும் ஆவணம். இத்தகைய பதிவின் தேவையைப் பிளாச்சிமடை உணர்த்துகிறது. எங்கள் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் அந்த ஊரில் மயிலம்மாவும் அக்கம்பக்கத்துப் பழங்குடிப் பெண்களும் 2002 ஏப்ரல் 22 அன்று கொக்ககோலா ஆலையின் வாசலில் அமர்ந்தபோது, கிணற்று நீர் கெட்டதற்கு அவர்களுடைய அன்றாடச் சொல்லே முதல் சாட்சி. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பீடு 216 கோடி ரூபாய் என்று அரசின் குழுவே 2010இல் கணக்கிட்டும் அது அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் நாள்தோறும் கிணற்றைப் பற்றிச் சொன்னவை அவர்களுக்கே உரிய இடத்தில், அவர்கள் மொழியில் பதிவாகியிருந்தால் எவ்வளவு வலுவாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன்.

மன்றம் எல்லாவற்றையும் தீர்க்காது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர் போனபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போய், செய்தி வெளியே வர மறுநாள் காலையாயிற்று. இடுக்கித் தோட்ட லயங்களுக்கு முதல் தேவை, மழையிலும் நிற்கும் கைபேசிக் கோபுரம். அதைக் கேட்டுப் பெறும் போராட்டத்தை மன்றம் தொடங்குவதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

சித்தூர் தாலுகாவில் தமிழ் படிக்கும் உறுப்பினர்கள் உள்ள வாயனசாலைகளின் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். முகவரியை நூலகத்தின் பெயரில் பதியுங்கள். மூன்று நிர்வாகிகளைத் தேர்ந்தெடுங்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும் ஒருவராவது காலனியிலிருந்து வருபவராகவும் இருக்கட்டும். நீக்கிய பதிவுகளின் பட்டியலைக் காரணத்தோடு மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முதல் தலைப்பாக மூலத்தரைத் தண்ணீர்க் கணக்கைத் திறந்துவையுங்கள்.